பட்டியலின் முதல் வரி

எந்த இணையப் படிவத்தையும் நான் இரண்டு முறை நிரப்பிப் பார்ப்பேன். ஒரு முறை மவுஸால், ஒரு முறை கீபோர்டால். இணையப் படிவங்கள் எழுதித் தரும் எங்கள் குடும்ப அலுவலகத்திலிருந்து என் கண் படாமல் ஒரு படிவமும் வெளியே போனதில்லை.

மருத்துவமனைச் சேர்க்கைப் படிவத்தை எழுதியவர் என் மாப்பிள்ளை. கெட்டிக்காரர், மறுக்கவில்லை. அதில் 'ஒவ்வாத மருந்து' என்று ஒரு பட்டியல் பெட்டி. முதல் வரி, 'எதுவும் இல்லை'. மவுஸால் தேர்ந்தெடுத்தால் எல்லா பிரவுசரிலும் சரி. ஒன்றில் மட்டும், அம்புக்குறி விசையால் இறங்கி என்டர் தட்டினால், திரையில் மருந்தின் பெயர் தெரியும். உள்ளே பதிவாவது முதல் வரிதான். பெருமையோடு மகளிடம் போய்ச் சொன்னேன்.

"அதை அவரு போன வாரமே சரிபண்ணிட்டாருப்பா. நாலே வரி. நீங்க பாத்தது பழைய காப்பி. நீங்க ஏன் இன்னும் மண்டைய உடைச்சுக்கிறீங்க?"

"விடுங்க மேடம், மாப்பிள்ளைக்குப் பட்டாபிஷேகம் முடிஞ்சாலும் ஐயா கிரீடத்தைக் கழட்ட மாட்டாரு" என்றான் பக்கத்து மேஜைக்காரன். எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. அந்தப் பெருந்தன்மையைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பென்சில் சீவக்கூட என்னிடம் ஓடிவந்த பெண் என் மகள்.

கடைசிப் பார்வை என்னுடையது. அந்த நான்கு வரிகளை எடுத்துவிட்டு அனுப்பினேன். சேர்க்கை மேஜைப் பெண் மவுஸைத் தொடவே மாட்டாள். அவளிடம் இருப்பதும் அதே பிரவுசர். அரை நாள் அருகில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

ஒரு சின்னத் தலைகுனிவு போதும் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்த வாரம் மாப்பிள்ளையின் தாயாருக்கு அங்கே முழங்கால் அறுவை சிகிச்சை என்பதும் தெரியும். "அந்த ஊசி எனக்கு ஆகவே ஆகாதுண்ணா, ஒருவாட்டி மூச்சே நின்னுபோச்சு" என்று என் வீட்டுக் கூடத்தில் அவரே சொல்லியிருந்தார். படிவத்தை ஒரு வாரம் தள்ளி அனுப்பியிருக்கலாம். அவர் சேர்வதற்கு முந்தின நாள் அனுப்பினேன். மயக்கத்தில் இருந்தவருக்கு, திரையைப் பார்த்துத்தான் ஊசி போட்டார்கள்.

உங்கள் விசாரணை அறிக்கையில் மாப்பிள்ளையின் கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள். திருத்திக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டு வேலையில் பிழை கிடையாது. அவர் சரியாகத்தான் எழுதினார். அந்த அம்மாளைக் கொன்றது நான்.

மகள் கணவரை விட்டு என் வீட்டுக்கு வந்து ஒன்பது நாளாகிறது. அறைக்கதவைத் தாழிட்டிருக்கிறாள். இதை அவளிடம் நீங்கள் சொல்ல வேண்டாம். நானே பக்குவமாக எடுத்துச் சொல்கிறேன். எதுவானாலும் அவள் முதலில் கேட்பது என்னைத்தான்.