தபாலில் கிடக்கும் உத்தரவு

ஜூன் மாதம் ஒன்பதாம் தேதி, காலை பத்து மணி பதினொரு நிமிடத்துக்கு ஓட்டுநர் உரிமம் ரத்துப் பிரிவில் இருந்தவர்கள் இரண்டு பேர். பத்து பன்னிரண்டுக்கு நான் மட்டும்.

மேடையில் இருக்கும் இயக்குநர் ஐயா அவர்களே, முன்வரிசையில் இருக்கும் அக்காவின் கணவரே, மகளே, ஓட்டுநர் சங்கத் தோழர்களே, வணக்கம். எனக்கு மேடைப் பேச்சு வராது. புரோகிராம் எழுதத்தான் வரும். ஆனால் அக்காவின் உயிர் பிரிந்தபோது அந்த அறையில் அவரோடு இருந்தவன் நான் ஒருவன்தான். நான் பேசாவிட்டால் யார் பேசுவது?

எங்கள் பிரிவு அதிகாரியாக அக்கா என்ன செய்தார் என்பது இங்கே பலருக்குத் தெரியாது. குடித்துவிட்டு லாரி ஓட்டியவரின் உரிமத்தை நீதிமன்றம் ரத்து செய்யும். அந்த உத்தரவு தபாலில் வந்து சேர இருபது நாள் ஆகும். அதுவரை நம் கணினியில் அவர் நல்ல ஓட்டுநர்! அப்படி ஒருவர், உத்தரவு வழியில் கிடந்தபோதே, பேருந்து நிறுத்தத்தில் நின்ற இருவர் மேல் லாரியை ஏற்றினார். மறுநாளிலிருந்து அக்கா தினமும் மாலையில் தன் ஸ்கூட்டரில் நீதிமன்றம் நீதிமன்றமாகப் போய், உத்தரவுகளைக் கையில் வாங்கி வந்தார். யாராவது போகச் சொன்னார்களா? இல்லை. பெட்ரோலுக்காவது கொடுத்தார்களா? அதுவும் இல்லை.

உத்தரவு அந்த நிமிடமே நமக்கும் லாரி முதலாளிக்கும் வந்துவிடும்படி நீதிமன்றங்களை நம் கணினியோடு இணைக்க அரசு மானியம் கேட்டார். இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் முறை கூப்பிட்டு, "எத்தனை விபத்து குறைஞ்சதுன்னு எப்படிம்மா காட்டுவீங்க?" என்று கேட்டார்கள்.

"நடக்காத விபத்தை எப்படி சார் போட்டோ எடுக்கறது?" என்றார் அக்கா.

மானியம் வந்தது. அதில்தான் நானும் வேலைக்கு வந்தேன். வந்த அன்றே, "இது ஒரு வாரத்து வேலை மேடம்" என்றேன். ஒன்றரை வருடம் ஆயிற்று. திங்கட்கிழமைதோறும் கேட்பார்: "என்னப்பா இன்ஜினியரு, உன் ஒரு வாரம் இன்னும் முடியலையா?"

முதல் நீதிமன்றம் இணைந்த அன்று ஓர் ஓட்டுநர் மாடியேறி வந்து கத்தினார்: "கோர்ட்டு வாசல்ல டீ கூட குடிச்சு முடிக்கல, அதுக்குள்ள முதலாளி போன் பண்ணி சாவியைக் கேக்கறாரு! நீங்கல்லாம் மனுஷங்களா?"

"நாங்க பிரேக்குப்பா. உக்காரு, பாதி டீயை இங்க குடி."

அன்றிலிருந்து ஓட்டுநர்களுக்கு அவர் ‘பிரேக் அக்கா’.

இயக்குநர் ஐயா, மீதமுள்ள மானியத்தில் அக்கா பெயரில் ஒரு காத்திருப்புக் கூடம் கட்டலாம் என்று சற்றுமுன் சொன்னீர்கள். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் ஆட்டவில்லை. மன்னியுங்கள், அது கூடத்துக்கு வந்த பணம் இல்லை. மூன்று நீதிமன்றங்கள் இன்னும் இணையவில்லை. அங்கே இன்றைக்கும் உத்தரவு தபாலில்தான் கிடக்கிறது. இந்த முப்பதாம் தேதியோடு மானியக் காலம் முடிகிறது; அதற்குள் இணைக்காவிட்டால் பிறகு இணைக்கப் பணம் வராது. பிறகு அந்தக் கூடத்தில் உட்கார்ந்து எதற்குக் காத்திருப்பது? அடுத்த லாரிக்கா?

எங்கள் அறையில் கணினியின் விசிறி இவ்வளவு சத்தம் போடும் என்று எனக்கு இப்போதுதான் தெரியும். திங்கட்கிழமை வருகிறது, கேலி செய்ய ஆளில்லாமல் போகிறது.

நான் செய்யப்போவது இவ்வளவுதான்:

1. நாளை முதல் தினமும் மாலையில் அந்த மூன்று நீதிமன்றங்களுக்கும் நானே போவேன்.

2. முப்பதாம் தேதிக்குள் மூன்றையும் இணைப்பேன். கூடத்துக்கான கோப்பு என் மேசைக்கு வந்தால், இணைப்பு வேலை முடிந்தது என்று கையெழுத்துப் போட மாட்டேன்.

3. எதிரே அக்காவின் மேசைத் தொலைபேசியில் நீதிமன்ற எழுத்தர்கள் இன்னும் அவரைத் தேடுகிறார்கள். இத்தனை நாளும் அடித்து ஓயட்டும் என்று விட்டுவிட்டேன். இனி எழுந்துபோய் எடுப்பேன். "அக்கா இல்லைங்க. நீங்க சொல்லுங்க" என்பேன்.