நானூத்திப் பன்னெண்டு மீன்கொத்தி

அசையாதீங்க சார், கத்தி கழுத்துல இருக்கு. பேச வேணாம், கேட்டா போதும். எங்க பாலத்தடி ஆத்தை மட்டும் ஆறு சுத்தம் பண்ற திட்டத்துலேருந்து எப்படி சார் தூக்குனீங்க? நாத்தத்துல ஜன்னல் திறக்க முடியல. பாதி முடி வெட்டுறப்பவே மூக்கைப் பொத்திக்கிட்டு எழுந்துடுறாங்க. போன வாரம் ஒருத்தர் போத்துன துணியோடயே ஓடிட்டாரு... துணி இன்னும் வரல!

தாடையைத் தூக்குங்க. "ஆத்தைச் சரிபண்ணா என்ன நன்மைன்னு முன்கூட்டியே அளக்கணும், இப்ப இருக்குற பறவையை எண்ணிக் குடுங்க"ன்னு தாள் குடுத்தது நீங்கதானே? எண்ணினேன். ஒரு கண்ணு கன்னத்துல, ஒரு கண்ணு இந்தக் கண்ணாடியில. இதுல ஆறு முழுசா தெரியும். மீன்கொத்தி பறந்தா ஒரு கோடு. ஒரு மாசத்துல நானூத்திப் பன்னெண்டு கோடு! ஒண்ணு கூடாது, ஒண்ணு குறையாது.

நீங்க என்னடான்னா, "இவ்வளவு பறவை இருந்தா ஆறு நல்லாத்தானே இருக்கு, இன்னும் என்ன நன்மை வரப்போகுது"ன்னு எங்க பேரை அடிச்சுட்டீங்க. மேலாத்துல எண்ண வேண்டிய என் மச்சான் படகுல படுத்துத் தூங்கிட்டு, பூஜ்யம்னு எழுதிக் குடுத்தான். அவன் பக்கம்தான் முதல் இடம்! தூங்கியே ஜெயிச்சுட்டான் சார்! சிரிக்காதீங்க, கத்தி... கத்தி!

நாலு மணிக்குக் கடைசிப் பட்டியல்ல கையெழுத்துன்னீங்க. இப்ப மூணரை. அதான்... ஒண்ணு சொல்லுவேன், கோவப்படக் கூடாது. கன்னத்தை உப்புங்க. இன்னிக்குக் காலையில ஒரு மீன்கொத்தி இந்த ஜன்னலுக்கு வெளியவே வந்து உக்காந்துச்சு. வால்ல நடு இறகு இல்ல. பாவமேன்னு நெனச்சேன். அடுத்து வந்ததுக்கும் இல்ல. அதுக்கடுத்ததுக்கும் இல்ல! அட, நானூத்திப் பன்னெண்டுக்குமா அதே எடத்துல இறகு விழும்?

போறப்ப ஒரு கோடு போட்டேன், வர்றப்ப ஒரு கோடு போட்டேன். பறவை ஒண்ணே ஒண்ணுதான் சார்.

வீட்டம்மா அப்பவே சொன்னா, "உங்ககிட்ட விட்டா ஒத்தைக் கொசுவைக்கூட ஊர்வலமாக்கிடுவீங்க"ன்னு. நான்தான் கேக்கல...

சார்! எங்க எழுந்திரிக்கிறீங்க? பாதி மீசை இருக்கு சார்! நுரையைத் துடைச்சுட்டாவது... சரி சரி, ஓடுங்க! அந்தத் தாள்ல திருத்திடுங்க! ஒண்ணுன்னு போடுங்க, ஒண்ணு! அந்தத் துணி...

போச்சு, ரெண்டாவது துணி.

அதோ, திரும்பி வருது பாரு. நானூத்திப் பதிமூ...

இல்ல. ஒண்ணு.