நடுநிலைத் தெருவில் ஒரு பச்சிலைச் சண்டை

லிஸ்பன், 1941 ஜூன் 12. விடிந்தால் அந்தோனியார் திருநாள். மதராகோவா மேட்டுச் சந்து, பகல் மூன்று மணி. இந்தச் சன்னலில் விடுதிக்காரி ஃபெலிஸ்மினா, எதிர்ச்சன்னலில் மீன்காரி சுல்மீரா. இருவரும் விதவைகள், இருவருக்கும் தொண்டை நன்றாகவே இருந்தது. கீழே, விடுதி வாசலை விட்டு நகராமல், ரகசியப் போலீஸ் பல்தசார். அவர் ரகசியப் போலீஸ் என்பது சந்தில் நாய்க்குக்கூடத் தெரியும்.

சுல்மீரா: தூக்கிப் போடு அந்தத் தொட்டியை! இல்ல, மீன் கழுவின தண்ணியை உன் தலையில ஊத்துவேன்!

ஃபெலிஸ்மினா: ஊத்துடி, ஊத்து! நாத்தத்துக்குப் பயந்தவளா இருந்தா உனக்கு எதிர்வீட்டுல இருபது வருஷம் குடியிருப்பேனா?

சுல்மீரா: திருநாளுக்கு ஒரு ஆம்பிளை பச்சிலைத் தொட்டி கொண்டாந்து வச்சா, கட்டிக்கிறியான்னு கேக்கிறார்னு பச்சப்புள்ளைக்கும் தெரியும்! காகிதப் பூ குத்தி, பாட்டு எழுதி, என் வாசல்ல வச்சிருக்கார்!

ஃபெலிஸ்மினா: அப்ப என் வாசல்ல இருக்கிறது என்ன, கருவாடா?

சுல்மீரா: வச்சவர் கீழதானே நிக்கிறார்! கேளு அவரையே!

பல்தசார்: அம்மாமாரே... மெதுவா, மெதுவா. நான் வேலையில இருக்கேன்.

சுல்மீரா: என்ன பெரிய வேலை? மூணு நாளா அவ வாசலையே முறைச்சுப் பாக்குறதா? அவளைப் பாக்கத்தானே நிக்கிறீங்க?

பல்தசார்: அவங்களை இல்லம்மா. உள்ள ஒரு வருஷமாத் தங்கியிருக்காங்களே, வியன்னாக்காரி, அவங்களை. அஞ்சு மணிக்கு நியூயார்க் கப்பல். அதுல ஏறவிடாமப் பிடிச்சு, எல்லை தாண்டி ஜெர்மன்காரன் கையில குடுக்கணும்னு மேலிடத்து உத்தரவு. அந்தா, முனையில தொப்பி போட்டு நிக்கிறானே, அவன் ஜெர்மன்காரங்க ஆளு. ரகசியம்... யார்கிட்டயும் சொல்லிறாதீங்க.

ஃபெலிஸ்மினா: பியானோ சொல்லிக்குடுத்துப் பிழைக்கிற ஒரு பொம்பளைக்கு ரெண்டு ஆம்பிளை காவலு! கிரேட்டெ என்ன பீரங்கியா வச்சிருக்கா? உள்ள வந்து இழுத்துட்டுப் போறதுதானே!

பல்தசார்: நம்மது நடுநிலை நாடும்மா. வீட்டுக்குள்ள நுழையக் கூடாது. வாசப்படி தாண்டித் தெருவுல கால் வச்சா... பிடிக்கலாம்.

சுல்மீரா: ரொம்ப நல்ல நடுநிலை! பூனை வாசல்ல உக்காந்துக்கிட்டு, எலிக்கு நான் எதிரி இல்லன்னுச்சாம்.

ஃபெலிஸ்மினா: பேச்சை மாத்தாதேடி! தொட்டிக்கு வா.

சுல்மீரா: வந்தேன்! பாட்டைப் படிக்கிறேன் கேளு. "கையால் தொட்டு முகர்ந்து பார், மூக்கை வைத்தால் வாடிடும்..."

ஃபெலிஸ்மினா: "கண்ணால் நீயும் பார்த்துவிட்டால் காவல்காரன் மனசும் ஆடிடும்!" அதே பாட்டு! அடப்பாவி மனுஷா, ரெண்டு பேருக்கும் ஒரே பாட்டா?

பல்தசார்: இல்ல... இருங்க... நான் ஒரு தொட்டிதானே வச்சேன்!

சுல்மீரா: ஆ! ஒத்துக்கிட்டார்! சந்துல இருக்கிற எல்லாரும் கேட்டுக்குங்க, ஒத்துக்கிட்டார்!

ஃபெலிஸ்மினா: எந்த வாசல்ல?

பல்தசார்: அது... காலையில பனிமூட்டமா இருந்துச்சு... அந்தப் பாட்டு எழுத எனக்கு ஒரு வாரம் ஆச்சு. அதை இப்படிச் சந்துல போட்டுக் கத்துறீங்களே...

சுல்மீரா: இங்க வாங்க. என் சன்னலுக்குக் கீழ வாங்க. என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லுங்க, வாசல் மாறிப்போச்சுன்னு!

பல்தசார்: நான் விடுதி வாசலைப் பாக்கணுமே...

சுல்மீரா: வாசலையா, விடுதிக்காரியையா?

ஃபெலிஸ்மினா: போங்க, போய் அவ மூஞ்சியைப் பாத்தே சொல்லுங்க. எனக்கும் தெரியணும்.

பல்தசார்: சரி, வந்துட்டேன். போதுமா? இப்பச் சொல்றேன். நாடே நடுநிலை, நானும் நடு...

ஃபெலிஸ்மினா: கல்யாண விஷயத்துல என்னய்யா நடுநிலை! என்ன அங்கே திரும்புறீங்க? அவளைப் பாருங்க!

பல்தசார்: இருங்கம்மா. விடுதியிலேர்ந்து யாரோ வெளிய வர்றாங்க... மீன் கூடைக்காரி.

சுல்மீரா: அது... அது என் அண்ணன் மக. ஓவார் ஊர்லேர்ந்து வந்திருக்கா. நான் இங்க நியாயம் கேட்டுக்கிட்டு நிக்கிறேன்ல, விடுதிக்கு மீன் போட்டுட்டு என் கூடையை அவ எடுத்துட்டுப் போறா. பல்வலி. வாயைத் திறக்க மாட்டா.

பல்தசார்: பல்வலி...

ஃபெலிஸ்மினா: ஆமா, பாவம். வீங்கிக் கிடக்கு. அதான் முக்காடு. நீங்க தொட்டிக்கு வாங்க...

பல்தசார்: ஏய், பொண்ணே!

சுல்மீரா: ஐயோ, அவளை விடுங்க, அவ ஒரு வாயில்லாப்...

பல்தசார்: நீ சும்மா இரும்மா. ஏய்! உன்னைத்தான்! கூடையிலேர்ந்து கையை எடு! கழுத்தை நேரா வை! ம்... இன்னும் நேரா! நடுப்பாதையில என்ன பவனி? பெரிய மனுஷங்க நடக்கிற வழி இது. ஓரமாப் போ! சாக்கடையில இறங்கி நட!

சுல்மீரா: பாத்து இறங்கு... பாத்து...

பல்தசார்: அப்படித்தான். முனை வரைக்கும் அப்படியே போகணும். பாத்தீங்களா, தொப்பிக்காரன்கூட மூக்கைப் பொத்திக்கிட்டு வழிவிடுறான்.

ஃபெலிஸ்மினா: ஏழைப் பொண்ணுகிட்ட என்னா அதிகாரம்! உங்களையும் ஒருத்தி பெத்தாளே!

பல்தசார்: பெத்தா. சரி... எங்க விட்டோம்?

சுல்மீரா: தொ... தொட்டியில.

பல்தசார்: என்னம்மா, குரல் இறங்கிப்போச்சு? இவ்வளவு நேரம் துறைமுகம் வரைக்கும் கேட்டுச்சே. கத்துங்க, கத்துங்க. அஞ்சு மணி வரைக்கும் எனக்கும் வேற வேலை இல்ல.

*

அன்று ஐந்து மணிக்குக் கப்பல் மூன்று தடவை ஊதியது. சந்தில் மத்தி சுடும் புகை எழும்பத் தொடங்கியிருந்தது.

பல்தசார்: ஊதிருச்சு. உங்க வியன்னாக்காரி வாசப்பக்கமே வரலையே, ஃபெலிஸ்மினாம்மா?

ஃபெலிஸ்மினா: தூங்குறா போல. வேணும்னா உள்ள வந்து பாத்துக்குங்க. இப்ப நானே கூப்பிடுறேன். சூப்பு இருக்கு, மத்தி இருக்கு.

பல்தசார்: வீட்டுக்குள்ள நுழையக் கூடாதே... நடுநிலை...

ஃபெலிஸ்மினா: அது நாட்டுக்கு. உங்களுக்கு என்ன?

*

ஓராண்டு கழிந்தது. அதே நாள், அதே சன்னல்கள். வாசலில் காவல் இல்லை. பல்தசார் விடுதிச் சன்னலுக்கு உள்ளே உட்கார்ந்து உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார்.

ஃபெலிஸ்மினா: சுல்மீரா! ஏ சுல்மீரா! நியூயார்க் தபால்!

சுல்மீரா: கிரேட்டெயா? படி அக்கா, படி! நல்லா இருக்காளா?

ஃபெலிஸ்மினா: நல்லா இருக்காளாவா? கல்யாணமாம்டி அவளுக்கு! மாப்பிள்ளை யாருங்கிறே? மீன்கடைக்காரன்!

சுல்மீரா: என் கூடை ராசி! பாத்தியா, என் கூடை ராசி!

ஃபெலிஸ்மினா: மீன் வாங்கப் போனவ, கடைக்காரன் கூடையைக் கையில தூக்கிக்கிட்டுத் திண்டாடுறதைப் பாத்து, வாங்கித் தலையில வச்சு நடந்து காட்டினாளாம். அவன் அங்கேயே விழுந்துட்டானாம்.

சுல்மீரா: ஒரே சந்து நடந்ததுக்கு ஒரு புருஷன்! நான் முப்பது வருஷம் நடந்து, இப்பத்தான் ஒரு படகுக்காரன் மாட்டினான்.

ஃபெலிஸ்மினா: மாட்டினதை விட்டுறாதே. ஞாயித்துக்கிழமை நீ அவன் ஊருக்கு, செத்தூபாலுக்குப் போயிட்டா இனி நான் யார்கூடச் சண்டை போடுவேன்?

சுல்மீரா: வீட்டுக்குள்ளதான் ஒருத்தர் இருக்காரே. பாவம் மனுஷன், எலி தப்பிச்சுப்போச்சுன்னு வேலையிலேர்ந்து துரத்திட்டாங்க, இன்னிக்கு வரைக்கும் எப்படித் தப்பிச்சுச்சுன்னே தெரியாம உருளைக்கிழங்கு சீவுறார். அக்கா... நான் போறதுக்கு முன்னாடி சொல்லிரலாமா? இதுக்கு மேல அடக்க முடியல எனக்கு.

ஃபெலிஸ்மினா: சொல்லிரலாம். ஏங்க... கோவிக்கக் கூடாது. அவ வாசல்ல இருந்த அந்த ரெண்டாவது தொட்டி நாங்க வாங்கினது. பாட்டை நான்தான் பாத்து எழுதினேன்.

பல்தசார்: தெரியும்.

ஃபெலிஸ்மினா: எது தெரியும்?

பல்தசார்: வச்சவனுக்கு வச்ச வாசல் தெரியாதா? எழுதினவனுக்கு அவன் கையெழுத்து தெரியாதா?

சுல்மீரா: பெரிய கெட்டிக்காரர்! தொட்டியைக் கண்டுபிடிச்சவருக்குக் கண்ணு முன்னாடி போன ஆளைத் தெரியலையே! உங்க மூக்குக்குக் கீழதான்யா போனா கிரேட்டெ, என் கூடையோட! நீங்க வேற, கையை எடு, சாக்கடையில நடன்னு மிரட்டி அனுப்பினீங்க! நினைச்சு நினைச்சு ஒரு வருஷமாச் சிரிக்கிறோம்!

பல்தசார்: எங்கம்மா இதே ஊருல முப்பது வருஷம் மீன் சுமந்தா, சுல்மீரா. கூடையை ரெண்டு கையாலயும் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு, பால் மாதிரி வெள்ளைக் காலோட போற மீன்காரியை நான் எங்கேயும் பாத்ததில்ல. முனையில தொப்பிக்காரன் வேற பாத்துக்கிட்டு நிக்கிறான்... கழுத்தை யாராவது நேராக்கணும், காலை யாராவது சேறாக்கணும் இல்ல? சரி, கிழங்கு இது போதுமா, இன்னும் சீவணுமா?