நல்லசேதி அக்கா

இந்த நாற்காலியைக் கொஞ்சம் ஜன்னல் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொள்ளட்டுமா, இன்ஸ்பெக்டர் ஐயா? சுவரைப் பார்த்து உட்கார வைத்தால் ஆளுக்குப் பேச்சு வராது. வெளிச்சத்தைப் பார்த்து உட்கார்ந்தால் தானாக வரும். குறையாகச் சொல்லவில்லை. என் வேலையே அதுதான், மற்றவர்கள் உட்காரும் இடம், நிற்கும் இடம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது.

எங்கள் சலவை ஆலைக்கு ஓட்டல்களின் படுக்கை விரிப்புகள் வரும். துவைத்து, பிழிந்து, சூடான உருளைகளுக்குள் விட்டு எடுப்பார்கள். பிறகு இரண்டிரண்டு பெண்களாக எதிரெதிரே நின்று மடிப்பார்கள். வெக்கை என்றால் அப்படி ஒரு வெக்கை. நான் பணியாளர் நல அலுவலராகச் சேர்ந்தபோது அங்கே ஒரு மின்விசிறிகூட ஒழுங்காகச் சுற்றாது. குடிதண்ணீர்க் குழாய் கழிப்பறை வாசலில் இருந்தது. அதை இடம் மாற்றியது நான். நிற்பவர்கள் காலடியில் ரப்பர் விரிப்பு போட வைத்தது நான். முதலாளி முனகுவார்.

"அம்மா, நீங்க இவங்களுக்கு வேலை பாக்கறீங்களா, எனக்கா?"

"ரெண்டு பேருக்கும்தான் சார். அவங்க மனசு நல்லா இருந்தாத்தானே துணி கருகாம வரும்?"

முனகிக்கொண்டே கையெழுத்துப் போடுவார்.

போன் விஷயத்துக்கு வருகிறேன். அதைத்தானே கேட்டீர்கள்.

முன்பெல்லாம் பெண்கள் போனை இடுப்பில் செருகிக்கொண்டுதான் வேலை செய்வார்கள். ஒருநாள் உருளையடியில் நின்ற ஒருத்திக்கு, தம்பி வண்டியில் அடிபட்டுவிட்டான் என்று போன் வந்தது. "என்னது?" என்றாள். கேட்டபடியே விரிப்பை உள்ளே விட்டாள். விரிப்போடு கையும் போயிற்று. நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். தம்பிக்குப் பெரிதாக ஒன்றுமில்லை, நெற்றியில் தையலோடு சரி. இவள்தான் இன்றைக்கும் இடது கையால் தலை வாரிக்கொள்கிறாள்.

அதன் பிறகு போன்களை வாசலிலேயே வாங்கிப் பூட்டி வைத்தோம். அவசரம் என்றால் வீட்டார் என் மேஜைக்கு அழைக்கலாம். நான் கேட்டு, ஆளிடம் சொல்வேன். நீங்களாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பீர்கள்.

நல்ல செய்தியை உடனே கொண்டுபோய்ச் சொன்னேன். உன் மகள் பாஸாம், உன் நாத்தனாருக்குப் பெண் குழந்தையாம் என்று சொன்னால் கூடமே கைதட்டும். கெட்ட செய்தியைச் சாப்பாட்டு நேரம் வரைக்கும் வைத்திருந்தேன். அப்புறம், பசித்த வயிற்றோடு எதற்குக் கேட்க வேண்டும், சாப்பிட்டு முடிக்கட்டும் என்று தோன்றியது. சாப்பிட்ட கையோடு சொன்னால் செரிக்காது என்றும் தோன்றியது. கடைசியில், வேலை முடிகிற வரைக்கும் என்று ஆயிற்று. வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, டம்ளரில் தண்ணீர் வைத்துக்கொண்டு நிற்பேன். உட்கார வைத்து, தோளில் கை வைத்து, மெதுவாகச் சொல்வேன். அப்படிச் சொல்வதற்குப் பயிற்சி இருக்கிறது. நான் போய்க் கற்றுக்கொண்டு வந்தேன்.

பெண்கள் எனக்கு நல்லசேதி அக்கா என்று பேர் வைத்தார்கள். ஆனால் சாயங்காலம் நாற்காலியோடு என்னைக் கண்டால் தரையைப் பார்த்துக்கொண்டே நடப்பார்கள்.

"யாருக்குடி இன்னைக்கு?"

"எனக்கா இருந்தா ரெண்டு டம்ளரா வைக்கச் சொல்லு. வெக்கைக்கு ஒண்ணு பத்தாது."

கூட்டமாகச் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

ரெண்டு டம்ளர் கேட்டவள்தான் மிளகாய். இப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாளே, அவள்தான். வாய் அப்படி என்பதால் அந்தப் பேர். கல்யாணம் ஆகி, சரிப்படாமல், அம்மாவிடமே திரும்பி வந்தவள். அந்த அம்மாவுக்கு இதயக் கோளாறு. வீடு ஆலைக்குப் பின்தெருவில்.

நீங்கள் கேட்கிற அந்த நாள் காலையில் போனைக் கொடுக்கும்போதே பொரிந்துகொண்டு வந்தாள்.

"என்னம்மா, இவ்வளவு காரம்?"

"எங்கம்மாதான்க்கா. மாத்திரையை முழுங்காம தலகாணிக்கு அடியில ஒளிச்சு வைக்குது, சின்னப் புள்ள மாதிரி. செத்துத் தொலைன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"அப்படியெல்லாம் சொல்லலாமா?"

"நான் திட்டலன்னா அதுக்குச் சோறு இறங்காதுக்கா. ஒருநாள் போயி கொஞ்சினேன்னு வைங்க, எவளோ வீடு மாறி வந்துட்டான்னு கதவைச் சாத்திடும்."

இதை அவள் சிரித்துக்கொண்டு சொன்னாள். நானும் சிரித்துக்கொண்டுதான் கேட்டேன்.

அன்று ஆலையைப் பார்க்க வெளியிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். பணியாளர்களை நன்றாக வைத்திருக்கும் இடங்களுக்கு விருது கொடுப்பவர்கள். அது காரணமில்லை. அன்று என்ன நடந்தது என்று கேட்டதால் சொல்கிறேன்.

சாப்பாட்டு மணிக்கு முன்னால் போன் வந்தது. மிளகாயின் பக்கத்து வீட்டுக்காரி.

"பெரியம்மாவுக்கு மூச்சு வாங்குதுங்க. பொண்ணைக் கேக்குது. உடனே அனுப்புங்க."

"சரிம்மா" என்றேன்.

என் அறைக் கண்ணாடி வழியாகக் கூடம் தெரியும். மிளகாயும் அவளோடு மடிக்கிற ஜோடிக்காரியும் ஒரு பெரிய விரிப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வந்தவர்கள் ஏதோ கேட்டார்கள். மிளகாய் ஏதோ சொன்னாள். அத்தனை பேரும் சிரித்தார்கள். அப்படி ஒரு சிரிப்பு அந்தக் கூடத்தில் கேட்பதற்கு நான் எவ்வளவு பாடுபட்டிருக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியாது. அதை எப்படிக் கலைப்பது? பக்கத்தில் உருளை வேறு சுற்றிக்கொண்டிருந்தது. அவள் உருளையடியில் நிற்பவள் அல்ல, மடிப்பவள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

"போனை அதுகிட்டயே குடுக்கறேன். பொண்ணு ரெண்டு வார்த்தை பேசட்டும். நான் வண்டி கூப்பிட ஓடறேன்" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

போன் கை மாறியது. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "வந்துட்டியா?" என்று ஒரு குரல்.

"வந்துட்டேம்மா" என்றேன்.

யோசிக்காமல் செய்துவிட்டேன் என்று எழுத வேண்டாம். யோசித்தேன். அந்த அம்மாவுக்கு மகள் கிடைத்துவிடுவாள், மகளுக்கு ஒரு நல்ல மதியம் கெடாமல் இருக்கும். யாருக்கு நஷ்டம்? பயிற்சியில் சொல்லிக் கொடுத்தபடியே, தணிந்த குரலில், அவசரமில்லாமல் பேசினேன். "பயப்படாதம்மா. நான் பக்கத்துலயே இருக்கேன். உனக்கு ஒண்ணும் ஆகாது, தங்கம்." இப்படியே பேசிக்கொண்டிருந்தேன். பிறகு மூச்சுச் சத்தமும் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டு, வந்தவர்களோடு சாப்பிடப் போனேன். பக்கத்து வீட்டுக்காரி மறுபடி அழைத்து எல்லாம் முடிந்துவிட்டது என்றபோது, "நானே பக்குவமாச் சொல்லி அனுப்பறேன்" என்றேன். என்னால் சரியாகச் சாப்பிட முடியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சாயங்காலம் நாற்காலியைப் போட்டேன்.

"இன்னைக்கு யாருக்குக்கா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள் மிளகாய்.

"உக்காரும்மா."

"எனக்கா?"

அவள் உட்காரவில்லை. "இப்பத்தான் போன் வந்தது" என்று ஆரம்பித்தேன். மிச்சத்தைக் கேட்க நிற்கவில்லை. பூட்டி வைத்த போனைக்கூட வாங்காமல் ஓடினாள். ஆலை மதிலைச் சுற்றித் திரும்பினால் அவள் வீடு. தண்ணீர் டம்ளர் என் கையிலேயே இருந்தது. அன்றிலிருந்து வீட்டில் டம்ளர்களைக் கவிழ்த்துத்தான் வைத்திருக்கிறேன். செம்பில்தான் குடிக்கிறேன்.

சாவு வீட்டில்தான் எல்லாம் வெளியே வந்தது. நானும் போயிருந்தேன், போகாமல் இருக்க முடியுமா? பக்கத்து வீட்டுக்காரி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். "கடைசியா உங்கூடப் பேசிட்டுத்தாண்டி போச்சு."

"எங்கூடயா? நான் எப்ப பேசினேன்?"

"மத்தியானம் நான்தானே போன் போட்டுக் குடுத்தேன்?"

இரண்டு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் மறைக்கவில்லை. பேசியது நான்தான் என்று அங்கேயே சொன்னேன். "'நல்லா இரு கண்ணு'ன்னு உன்னை வாழ்த்திட்டு நிம்மதியாப் போனாங்கம்மா" என்றேன்.

மிளகாய் என்னை அடிக்கவில்லை. "எங்கம்மா அப்படிப் பேசாது" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

விருது கிடைத்தது. முதலாளி அதைத் தண்ணீர்க் குழாய்க்கு மேலே மாட்டியிருக்கிறார். மிளகாய் இப்போது தண்ணீரை வீட்டிலிருந்தே கொண்டு வருகிறாள். யாரையும் திட்டுவதில்லை. மடிக்கும்போது 'செத்துத் தொலைன்னுட்டேன், செத்துத் தொலைன்னுட்டேன்' என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொள்கிறாளாம். ஜோடிக்காரி என் அறைக்கு வந்து, "அக்கா, கேக்கச் சகிக்கல. என்னை வேற ஆளோட போடுங்க" என்றாள். மாற்றிக் கொடுத்தேன். அவள் மனநலத்தையும் நான் பார்க்க வேண்டுமே.

என்னை ஜெயிலில் போட வேண்டும் என்று மிளகாய் கேட்கவில்லை என்றீர்கள். அம்மா உண்மையில் என்ன சொல்லிச்சு, அது தெரிந்தால் புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்கிறாளாம். 'நல்லா இரு கண்ணு' என்றுதான் உங்களுக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதை அடித்துவிடுங்கள். அது நானாகச் சொன்னது.

நான் 'தங்கம்' என்றதுமே அந்த அம்மா கண்டுபிடித்துவிட்டார். "நீ யாரும்மா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, வாசலுக்கு வந்தவர்களை விசாரிப்பது மாதிரிதான். "எம் பொண்ணுக்கு இப்படிக் கொஞ்சத் தெரியாது. வேலையா இருக்காளாக்கும்" என்றார். மூச்சு வாங்கி வாங்கி மிச்சத்தையும் சொன்னார். "அவகிட்ட சொல்லு. மாத்திரையை முழுங்கிட்டேன்னு சொல்லு. காலையில திட்டினது பத்தல, சாயங்காலம் வந்து பாக்கியைத் திட்டச் சொல்லு."

அப்போதுகூட அவளைக் கூப்பிட நேரம் இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தானே நின்றாள். நான், "நான்தாம்மா, உன் பொண்ணுதான்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த அம்மா அதற்குப் பிறகு பதில் சொல்லவில்லை.

ஆமாம், ஐயா. இத்தனை நாளும் அவளிடம் இதைச் சொல்லவில்லை. மறந்துபோய் இல்லை. நீங்களே பார்த்தீர்களே, கண்ணெல்லாம் குழி விழுந்து, சோறு தண்ணி இல்லாமல், அடையாளமே தெரியவில்லை. இந்த நிலையில் எப்படிச் சொல்வது? கொஞ்சம் தேறட்டும். நானே ஒரு நாற்காலி போட்டு, உட்கார வைத்துச் சொல்கிறேன்.