நிறையாத டேங்க்

எங்கள் வீட்டு செப்டிக் டேங்க் இன்றுவரை நிறைந்ததே இல்லை, சார். இந்த ஊரில் அப்படிச் சொல்லிக்கொள்ள இன்னும் நாலைந்து வீட்டுக்காரர்கள் இருப்பார்கள். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகூடப் பெருமையடிப்பார்கள், கட்டி இத்தனை காலமாகிறது, ஒரு தடவைகூடக் கழிவு உறிஞ்சும் லாரியைக் கூப்பிட்டதில்லை என்று. கேட்கிறவர்களும் கொடுத்து வைத்தவர் என்று தலையாட்டுவார்கள். உள்ளே போனதெல்லாம் எங்கே போகிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. சுகாதார ஆய்வாளராக இருந்த காலம் முழுக்க நான் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

உட்காருங்கள். என் கழிவறையில் சாயத்தைக் கரைத்து ஊற்றிவிட்டு, அது பக்கத்து வீட்டுக் கிணற்றில் தெரிகிறதா என்று பார்க்க ஆளை நிறுத்தியிருக்கிறீர்கள். சரியான முறைதான். உங்கள் நாற்காலியில் இருந்தபோது நானும் அப்படித்தான் செய்தேன். ஆனால் மழை விட்டுவிட்டது, சாயம் போய்ச் சேர நேரமாகும். அந்த ஆளை எதற்கு வெயிலில் நிறுத்த வேண்டும்? வரும், சார். ஞானதாசன் சொல்கிறேன், வரும் என்று எழுதிக்கொள்ளுங்கள். தேநீரைக் குடியுங்கள். கேன் தண்ணீரில் போட்டது.

அந்தக் கிணறு எங்கள் அப்பா வெட்டியது. அடியில் நெல்லிப் பலகை போட்டு இறக்கினார். அப்படிப் போட்டால் தண்ணீர் இனிக்கும் என்பார்கள் எங்கள் பக்கத்தில். இனிக்கவும் செய்தது. பாகம் பிரித்தபோது ரோட்டோரத்து மேட்டு மனை எனக்கும், கிணறு இருக்கிற தாழ்ந்த மனை என் தம்பி ஜெயசிங்குக்கும் வந்தது. மனை யாருக்குப் போனாலும் தண்ணீர் இரண்டு பேருக்கும் பொது என்று அப்பா வாயால் சொன்னார். கூடப்பிறந்தவர்களுக்குள் அது போதும் என்று நினைத்துவிட்டார்.

அப்பா போன பிறகு ஜெயசிங் மஸ்கட்டிலிருந்து வந்து வீடு கட்டினான், கார் வாங்கினான், எல்லையில் மதில் எழுப்பினான். மதிலில் ஒரு வழி விடுவான் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். விடவில்லை. குழாயில் தண்ணீர் வராத ஒரு கோடையில் என் மனைவி லீலாபாய் குடத்தை எடுத்துக்கொண்டு ரோடு சுற்றி அவன் வாசலுக்குப் போனாள். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. மாடித் தொட்டி நிறைந்த பிறகு வாருங்கள் அக்கா என்று அவன் மனைவி கிரேசி சொல்லியிருக்கிறாள். லீலாபாய் கார் ஷெட்டின் ஓரத்தில் குடத்தோடு நின்றாள். அவள் கண் முன்னாலேயே ஜெயசிங் ஓஸ் பைப்பைப் பிடித்துக் காரைக் கழுவிக்கொண்டிருந்தான். வெறும் குடத்தோடு திரும்பி வந்தவள் அதை அடுக்களையில் கவிழ்த்து வைத்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

இதெல்லாம் ஒரு விஷயமா என்று நினைக்கிறீர்கள், முகத்தில் தெரிகிறது. அது உங்கள் அப்பா வெட்டிய கிணறு இல்லை.

எங்கள் பழைய டேங்க் வாசல் பக்கம் இருந்தது. விதிப்படி கட்டியது, அடியில் காங்கிரீட்டும் நடுவில் தடுப்புச் சுவருமாக. ஒழுங்கான டேங்க் நிறையும். நிறைந்தால் லாரி வரும், தெருவே மூக்கைப் பொத்தும். அதைச் சாக்காக வைத்து மூடினேன். பின்பக்கம் மதிலை ஒட்டி, கிணற்றுக்கு நேராக, புதுக் குழி எடுக்கச் சொன்னேன். சிமெண்ட் உறைகளை ஒன்றின்மேல் ஒன்றாக இறக்கினால் போதும், அடியில் தளம் போட வேண்டாம் என்றேன். கொத்தனார் அனில்குமார் மதிலை எட்டிப் பார்த்தான்.

“சார், கெணறு இந்தா பக்கத்துலல்லா கெடக்கு?”

“கெணறு அவன் பங்கு. குழி என் பங்கு.”

அவன் மண்வெட்டியை எடுத்தான். கிணறும் கழிவறைக் குழியும் எட்டி இருக்க வேண்டும் என்று ஊர் ஊராகப் போய்ச் சொன்ன ஆளே பக்கத்தில் தோண்டச் சொன்னால் அதற்கும் ஒரு காரணம் இருக்கும் என்று நினைத்திருப்பான். இருந்தது.

தெரியாமல் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அது எனக்குக் கேவலம். என் மனை மேடு, அவன் கிணறு பள்ளம், நடுவில் இருப்பது தண்ணீரைத் தடுக்காமல் விடுகிற சரல் மண். ஐப்பசி மழையில் அந்தக் கிணறு கையால் மொண்டு எடுக்கிற அளவுக்கு ஊறும்போது என் குழியும் அதோடு கலக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் யாரும் சாக வேண்டும் என்று நினைக்கவில்லை. தண்ணீர் நாறட்டும், அவர்களும் ஒரு நாள் குடத்தோடு யார் வாசலிலாவது நிற்கட்டும் என்று நினைத்தேன். அது நியாயம்தானே?

ஜெயசிங்கையும் கொஞ்சம் கேளுங்கள். நான் வேலையில் இருந்தபோது கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட ஆள் அனுப்பினேன். ருசி கெட்டுப்போகும் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினான். அந்தப் பழக்கத்தை அன்றே வைத்திருந்தால் இன்று நீங்கள் சாயப் பாட்டிலோடு வந்திருக்க மாட்டீர்கள். குழி எடுத்த பிறகு வந்த முதல் மழைக்காலத்தில் அந்த வீட்டில் வயிற்றுப்போக்கு வந்தது. பழைய மீன்குழம்பு என்றார்கள். அடுத்த மழைக்கும் வந்தது. அப்போது ஹோட்டல் சாப்பாடு என்றார்கள். கிணற்றை யாரும் சந்தேகப்படவில்லை. நெல்லிப் பலகை போட்ட கிணறல்லவா.

ரெஜிலா ஜெயசிங்கின் ஒரே மகள். அந்தப் பெயர் நான் வைத்தது. மதில் எழும்பிய பிறகும் என்னிடம் பேச்சை நிறுத்தாதவள் அந்த வீட்டில் அவள் ஒருத்திதான். பிரசவத்துக்காகச் சென்னையிலிருந்து வந்தாள். வந்த அன்றே மதிலுக்கு மேல் அவள் தலை தெரிந்தது. வயிற்றைத் தள்ளிக்கொண்டு கல்லின்மேல் ஏறி நிற்கிறாளே என்று கடிந்துகொண்டேன். அவள் சிரித்தாள்.

“பெரியப்பா, வந்த ஒடனே ஒரு செம்பு நம்ம கெணத்துத் தண்ணி குடிச்சேன். எங்க போனாலும் இந்த ருசி இல்ல.”

நம்ம கிணறு என்றாள். அந்த வீட்டில் வேறு யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உள்ளே போய் லீலாபாயிடமும் சொன்னேன்.

பிறகு மழை பிடித்தது. ஒரு காலையில் கிரேசி குடையும் செம்புமாக ரோடு சுற்றி எங்கள் வாசலுக்கு வந்தாள். மதில் கட்டிய பிறகு அவள் இங்கே வந்தது அதுதான் முதல் தடவை. படியேறவில்லை. நனைந்துகொண்டே செம்பை நீட்டினாள்.

“அத்தான், தண்ணியில ஒரு வாடை வருது. புள்ளத்தாச்சி குடிக்கிய தண்ணி. நீங்க பாத்துச் சொன்னா எனக்கு சமாதானம்.”

வாங்கி முகர்ந்தேன். முகர வேண்டிய அவசியமே இல்லை. இந்த மாவட்டத்தில் நான் முகராத கிணறு உண்டா? காய்ச்சிக் குடியுங்கள் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். சொன்னால் எதற்கு என்று கேட்பாள். கேட்டால் மதிலுக்கு இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பார்கள். அதோடு, அவள் நின்ற இடத்தையும் பாருங்கள். என் வாசலில், கையில் பாத்திரத்தோடு, தண்ணீருக்காக. நான் அவளைக் காத்திருக்க வைக்கவில்லை. உடனே பதில் சொன்னேன்.

“மழைக்குப் புதுத் தண்ணி ஊறுது. ஒண்ணும் செய்யாது.”

முகம் தெளிந்து அவள் திரும்பிப் போனாள்.

ரெஜிலாவுக்கு முதலில் வாந்தி. பிள்ளைத்தாச்சிக்கு வருவதுதானே என்றார்கள். கண் மஞ்சளானபோது கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். அதை அரைக்கவும் கலக்கவும் அந்தத் தண்ணீர்தான். கழிவு கலந்த தண்ணீரால் வரும் காமாலை கர்ப்பிணிக்கு வந்தால் என்ன ஆகும் என்று நர்சுகளுக்கு வகுப்பெடுத்தவன் நான். நாகர்கோவிலுக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது அவளுக்கு நினைவு தப்பியிருந்தது. குழந்தையை உயிரோடு எடுத்தார்கள், பெண். தாய் பிழைக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் முதல் பிடி மண்ணை மூத்தவன் போடட்டும் என்று ஜெயசிங் என் கையைப் பிடித்து இழுத்தான். போட்டேன். எனக்கும் வலித்தது, சார். வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். நான் பெயர் வைத்த பிள்ளை.

அன்று வீட்டுக்கு வந்ததும் லீலாபாய் ஒன்றே ஒன்று கேட்டாள்: “அந்தச் செம்பத் தந்தப்ப நீங்க மணத்துப் பாத்துதான சொன்னீங்க?” ஆமாம் என்றேன். இப்போது அவள் எங்கள் மகளுடைய வீட்டில் போய் இருக்கிறாள். லீலாபாய்க்காகத்தான் இவ்வளவும். அது அவளுக்குப் புரியவில்லை.

துக்கம் கழிந்து ஜெயசிங் வந்தான். கூடவே அதே அனில்குமாரும், கையில் கடப்பாரையோடு. தெரிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று தயாராகவும் இருந்தேன். ஜெயசிங் என் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

“அண்ணே, ரெஜிலா வந்த நாள் மொதலு இதையே சொல்லிட்டு கெடந்தா. பெரியப்பாவுக்கு ஒரு வழி விடுங்கப்பா, கெணறு பொதுதானன்னு. நான் கேக்கல. இனி அது பொது. எப்ப வேணும்னாலும் வந்து எடுத்துக்கிடுங்க.”

மதிலை இடித்து வழி வைத்தார்கள். நீங்கள் பார்த்திருப்பீர்கள், பச்சைப் பெயின்ட் அடித்த கதவு. அதைத் திறந்தால் முதல் அடியை என் டேங்கின் மூடிமேல்தான் வைக்க வேண்டும். தினமும் காலையில் ஒரு குடம் இறைத்துக்கொண்டு வருகிறேன். ஜெயசிங் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பான். ருசி பழைய மாதிரியே இருக்கிறதல்லவா என்று கேட்பான். அப்படியே இருக்கிறது என்பேன். கொண்டுவந்து தென்னை மரத்தின் அடிமூட்டில் ஊற்றிவிடுவேன். அவர்கள் குடிக்கிறார்கள். குழந்தையைக் குளிப்பாட்டுவதும் அதில்தான். வேண்டாம் என்று நான் சொன்னதில்லை. கேட்டால்தானே சொல்வதற்கு?

இதோ, உங்கள் ஆள் கையை ஆட்டுகிறான். சாயம் வந்துவிட்டது. நான் நினைத்ததைவிடச் சீக்கிரம்.

எழுதுங்கள், சார். குழி தோண்டியது நான். பக்கத்தில் கிணறு என்று தெரிந்து தோண்டினேன். செம்பை முகர்ந்து, தெரிந்தே, ஒன்றும் செய்யாது என்றேன். எங்கே கையெழுத்து வேண்டுமோ போடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். அந்தக் கிணற்றை மூடச் சொல்லி எழுதிவிடாதீர்கள். இவ்வளவு காலம் கழித்து இப்போதுதான் அதில் பாதி என் கைக்கு வந்திருக்கிறது.