இடுப்பில் போட்ட ஊசி

“கையில வேண்டாம். இடுப்புல போடச் சொல்லுங்க.”

“அதென்ன?”

“கை வீங்கிச்சுன்னா மூட்டையை எப்படித் தூக்குவிய? நாளைக்கு லோடு வருதில்லியா?”

“இப்பமே பெண்டாட்டி மாதிரி பேசுத. செரி, நர்ஸுகிட்ட உன் உத்தரவுன்னு சொல்லிப் போட்டுக்கிடுதேன்.”

சத்தியதாஸோடு பேசிய அந்தப் பேச்சுதான் ஆஸ்பத்திரி வாசலில் நின்ற பொன்செல்வியின் காதில் திரும்பத் திரும்பக் கேட்டது. ஆரியசாலைக் கடைத்தெருவில் மிளகாய் மொத்தக்கடை ஒன்றில் அவள் பில் போடுகிறவள். அவன் அங்கே மூட்டை இறக்குகிறவன். அவள் ரத்தத்தில் ஹெப்படைட்டிஸ் பி கிருமி உண்டு என்று தெரிந்த பிறகும், கட்டினால் உன்னைத்தான் என்று நின்றான். அவள் சொன்னதற்காக மூன்று தடுப்பூசியும் போட்டுக்கொண்டான். அவை உடம்பில் பிடித்தனவா என்று பார்த்த ரிசல்ட் இப்போது அவள் கையில் இருந்தது. கைபேசியை எடுத்தாள்.

“ஹலோ... ஹலோ, கேக்குதா?... அந்த லாரிக்காரனை ஹார்ன் அடிக்காண்டாம்னு சொல்லுங்க, ஒரு எழவும் கேக்கல்ல... ஆமா, ஆமா, வாங்கிட்டேன். டாக்டரையும் பாத்தாச்சு...

“இல்ல, அழல்ல. தொண்டை கட்டிருக்கு... அழல்லன்னு சொல்லுதேன் இல்லியா!

“பிடிக்கல்ல... ஊசிதான், வேற என்னது? மூணு போட்டும் எதிர்ப்பு சக்தி வரவே இல்லியாம்...

“சிரிக்காதிய. சிரிக்கிற காரியமா இது?... ஆளுக்கு என்ன வயசுன்னு டாக்டர் கேட்டாரு. நாப்பத்தஞ்சு ஆகப்போகுதுன்னேன்... பின்னே, குறைச்சா சொல்ல முடியும்? வயசு ஏற ஏற ஊசி பிடிக்கது குறையுமாம்... பீடி வலிப்பாரான்னும் கேட்டாரு. ஒரு நாளைக்கு ஒரு கட்டுன்னேன்... ஆமா, அதுவும் ஒரு காரணம்தான். தொந்தியும்தான்... சுமை தூக்குதவனுக்குத் தொந்தி இருக்காதுன்னு யாரு சொன்னா? உங்க தொந்தி எனக்குத் தெரியாதா?... சீ! சட்டைக்கு மேல பாத்ததைச் சொன்னேன்.

“இல்ல, இருங்க... முதல்ல கேளுங்க. கடைசியா ஒண்ணு கேட்டாரு. ஊசி எங்க போட்டாங்கன்னு...

“ஆமா... இடுப்புலதானே.

“அங்க போடப்பிடாதாம். அங்க கொழுப்புதான் கூடுதல், மருந்து சதைக்குள்ள போய்ச் சேராதாம். தோள்லதான் போடணுமாம்... நர்ஸைத் திட்டாதிய. நீங்க கேட்டதுனாலதான் போட்டா. உங்களைக் கேக்கச் சொன்னது யாரு?...

“நான்தான். மூணு தடவையும் நான்தான்... விடுன்னா எப்படி விடது? கை நோவுமேன்னு பாவம் பாத்தேன். அது இப்படி வந்து முடிஞ்சிருக்கு...”

பொன்செல்வி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். ஒரு ஆட்டோ அவளை உரசிக்கொண்டு போனது.

“உங்க அக்கா சொன்ன பெண்ணைக் கட்டியிருந்தா உங்களுக்கு இந்த ஊசியே வேண்டாம்... இல்ல, சொல்லிருதேன். நாளைக்கு என்னால உங்களுக்கு இது ஒட்டிச்சுன்னா நான் எந்த முகத்தை வச்சிட்டு... அதனாலதான் சொல்லுதேன், இப்பம் கூட ஒண்ணும் கெட்டுப்போகல்ல, நீங்க வேணும்னா...

“கத்தாதிய. ஆளுக நிக்காங்கல்லா... செரி. செரி, சொல்லல்ல. இனி சொல்லல்ல...

“டாக்டரா? அவரு அப்படி ஒண்ணும் சொல்லல்ல. மறுபடி மூணு ஊசி தோள்ல போட்டா அநேகம் பேருக்குப் பிடிச்சிருமாம். பீடியை விட்டா ரொம்ப நல்லதாம்... நிஜமா? விட்டுருவியளா?... கல்யாணத்துக்கு இது தடையே இல்ல, ஊசி பிடிக்கிற வரைக்கும் பாதுகாப்பா இருந்தா மதி, வேற ஒண்ணும் வேண்டாம்னாரு... என்ன பாதுகாப்பா? நடுரோட்டுல நின்னு அதை எப்படிச் சொல்ல?... யாரு சிரிக்கா அங்க? ஸ்பீக்கர்லயா போட்டிருக்கிய? கர்த்தாவே! அமத்துங்க... அமத்தியாச்சா?

“கடைக்கு வெளிய வந்தாச்சா?... ஹலோ... இருக்கியளா?...

“தெரியும். கல்யாணத்தை எப்பம் வைக்கலாம்னு நீங்க ஒவ்வொரு தடவை கேட்டப்பவும் நான்தான் ரிசல்ட் வரட்டும், ரிசல்ட் வரட்டும்னு வாயை அடைச்சேன். இனி நீங்க கேக்க மாட்டிய...”

அவள் சாலைக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். காது மடல் சுட்டது.

“இஞ்சேருங்க... நான் கேக்கேன். இந்த ஞாயித்துக்கிழமையே சர்ச்சுல எல்லாரும் கேக்க நம்ம கல்யாண ஓலையை வாசிக்கச் சொல்லுங்க.”