நாற்பத்தொன்றாம் பெட்டி

— ஜன்னலைச் சாத்திட்டுப் பேசும்மா. எத்தனை தடவை சொல்றது?

— பட்டப்பகல்ல சாத்தினாதான் நாலு பேர் திரும்பிப் பார்ப்பாங்க. இருங்க, முதல்ல இந்தப் பட்டியலைப் பாருங்க.

— எனக்கெதுக்கு அது? நான் டிரைவர். எம்.பி. ஏறினா வண்டியை எடுப்பேன், இறங்கினா நிறுத்துவேன்.

— இந்தத் தொகுதியைப் பக்கத்துத் தொகுதியோட சேர்க்கப் போறாங்கல்ல? அதுக்குள்ள இதோட வரலாறை எழுதுன்னு தேர்தல் ஆபீஸ்ல என் தலையில கட்டிட்டாங்க. எல்லை எப்பெப்போ மாறிச்சு, எந்த ஊர் உள்ள வந்துச்சு, எது வெளிய போச்சு, யார் ஜெயிச்சா, எல்லாம் எழுதிட்டேன். ஒரே ஒரு தேர்தல்ல மாட்டிக்கிட்டேன்.

— எது?

— எங்கப்பா செத்த தேர்தல்.

— அதை விட்டுடேன்.

— எப்படிங்க விடுறது? ஏரிக்கு அந்தப் பக்கத்து வோட்டுச் சாவடி, நாற்பத்தொன்னு. அந்த இரும்பு வோட்டுப் பெட்டியை ஏத்திக்கிட்டு வந்த அப்பா படகு கவிழ்ந்துச்சு. அப்பாவும் கிடைக்கல, பெட்டியும் கிடைக்கல. ஆனா பாருங்க, நாற்பத்தொன்னாம் சாவடியில முந்நூத்திப் பன்னிரண்டு வோட்டு எண்ணியிருக்காங்க. முந்நூத்தி ஒன்பது உங்க எம்.பி.க்கு.

— எவனாவது தப்பா எழுதியிருப்பான்.

— செத்தவன் வோட்டுப் போட்ட கதை கேட்டிருக்கேன். மூழ்கின பெட்டி நீந்திக் கரைக்கு வந்த கதை இப்பதான் கேக்கறேன். அவர் ஜெயிச்சதே நூத்தி நாற்பது வோட்டு வித்தியாசத்துலதான், தெரியுமா?

— மெதுவா! காலையில எம்.பி.யோட செகரட்டரி என்னைக் கூப்பிட்டார். ‘உன் வீட்டுக்காரி பழைய ஃபைல் கட்டெல்லாம் பிரிக்கிறாளாமே’ன்னார். சிரிச்சுக்கிட்டேதான் கேட்டார். எனக்குப் பயமா இருக்கு.

— எனக்கு மட்டும் பயமில்லையா? ரெண்டு நாளா என் மேஜையை யாரோ குடையறாங்க. வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டாலே உடம்பு தூக்கிப் போடுது.

— அப்புறம் என்ன? அந்த ஒரு பக்கத்தை எழுதாம விட்டா குடியா முழுகிடும்?

— படகுல இன்னொரு ஆள் இருந்திருக்கான். சாவடி உதவியாள். அவன் மட்டும் கரையேறியிருக்கான். பேர் எங்க கட்டுல இல்ல. தலைமை ஆபீஸ்ல அவன் வாக்குமூலம் சீல் வெச்சு இருக்காம். பார்க்க அனுமதி கேட்டு எழுதினேன்.

— எப்போ?

— போன வாரம். திங்கட்கிழமை வரச் சொல்லிட்டாங்க.

— போகாதே.

— ஏங்க, பட்டியலை ஏன் பிடுங்கறீங்க?

— சொன்னா கேளு. உன் கால்ல வேணா விழறேன், போகாதே.

— செகரட்டரி மிரட்டினாரா? இல்லையா? பின்ன என்ன, அந்த ஆள் யார்னு உங்களுக்குத் தெரியுமா?

— பத்தொன்பது வயசுப் பையன். வீட்ல அடுப்பெரியல. நடு ஏரியில பெட்டியைத் தள்ளிட்டா போதும், மாத்துப் பெட்டி தயாரா இருக்கு, யாருக்கும் ஒண்ணும் ஆகாது, உனக்கு வேலை உண்டுன்னாங்க.

— என்ன வேலை?

— டிரைவர் வேலை.

— ஐயோ! அப்போ படகு கவிழ்ந்துச்சுன்னு சொன்னதெல்லாம்?

— கவிழல. அப்படிச் சொல்லச் சொன்னாங்க.

— கிட்ட வராதீங்க. அங்கேயே நில்லுங்க. இதையெல்லாம் பண்ணிட்டா என்னைத் தேடி வந்து பொண்ணு கேட்டீங்க?

— அந்தப் பாவத்தை வேற எப்படித் தீர்க்கிறதுன்னு தெரியல.

— எங்கப்பா அந்த ஏரியைத் தினம் நீந்திக் கடந்தவரு. பெட்டி விழுந்தா அவர் எப்படிங்க சாவாரு? அவரை என்ன பண்ணீங்க?

— சத்தியமா அவர் மேல கை வைக்கல. பெட்டிக்கு நான் பொறுப்புன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாராம். தொலைஞ்சிடக் கூடாதுன்னு அதைக் கயித்துல கட்டி, மறுமுனையைத் தன் இடுப்புல முடிஞ்சிருந்தாரு. தள்ளினதுக்கப்புறம்தான் பார்த்தேன்.